பாய்மரக் கப்பலில் ஒரு வாரம்: கிரெனடீன்ஸ் தீவுகளுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கரீபியன் கடலின் தென்கிழக்கு விளிம்பில், செயின்ட் வின்சென்ட் தீவுக்கும் கிரெனடா தீவுக்கும் இடையே, கிரெனடீன்ஸ் என்னும் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பெக்வே, மஸ்டீக், கனுவான், மைரோ, யூனியன், கேரியக்கூ ஆகியவை அவற்றுள் மக்கள் வாழும் தீவுகளில் முக்கியமானவை. ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். இடையில் சில மணி நேரக் கடல் மட்டுமே. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல்கள் இங்குள்ள பெரும்பாலான குடாக்களில் நுழைய முடியாது. பத்து முதல் முப்பது பேர் வரை ஏறிச் செல்லும் பாய்மரக் கப்பல்களுக்கோ அவையே வீடு. விருந்து உடை, மேடை நிகழ்ச்சி, நேர அட்டவணை எதுவுமின்றி, வெறுங்காலுடன் மேல்தளத்தில் உட்கார்ந்து, காற்று அனுமதிக்கும் இடத்துக்குச் சென்று வரும் இந்த வகை விடுமுறையை முதன்முறை திட்டமிடுவோருக்கு உதவவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கப்பலைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பலர் முதலில் தீவுகளின் படங்களைப் பார்த்து மயங்கி, அங்கு செல்லும் ஏதேனும் ஒரு கப்பலில் இடம் பிடித்துவிடுகிறார்கள். முறை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏழு நாட்களில் தீவுகளில் நீங்கள் கழிக்கும் நேரம் குறைவு. உண்பதும் உறங்குவதும் நடமாடுவதும் கப்பலிலேயே என்பதால், கப்பலின் அளவும் இயல்பும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் எந்தத் தீவின் அழகும் அதை ஈடுசெய்யாது.

அளவில் பெரிதும் சிறிதுமாகப் பல கப்பல்கள் இக்கடலில் ஓடுகின்றன. 2000ஆம் ஆண்டில் பணியில் இறங்கிய ராயல் கிளிப்பர் ஐந்து பாய்மரங்களும் 42 பாய்களும் கொண்டது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்வது. அதே நிறுவனத்தின் ஸ்டார் ஃப்ளையர், ஸ்டார் கிளிப்பர் ஆகிய நான்கு பாய்மரக் கப்பல்கள் அதைவிடச் சிறியவை. இவற்றில் நீச்சல் தொட்டியும் உணவுக் கூடமும் உண்டு. கடல் ஆட்டம் குறைவு. ஆனால், உடன் வருவோர் அனைவரின் பெயரையும் இரண்டாம் நாளே தெரிந்துகொண்டு, சமையற்காரரோடு பேசிக்கொண்டே தேநீர் குடித்து, பாய்க்கயிற்றை நீங்களே பிடித்து இழுக்க வேண்டுமென்று விரும்பினால், இரண்டு அல்லது மூன்று பாய்மரங்கள் கொண்ட சிறு ஸ்கூனர் வகைக் கப்பலே ஏற்றது. ஸ்கூனரின் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் அமைந்திருப்பதால், பக்கவாட்டுக் காற்றிலும் முன்பக்கவாட்டுக் காற்றிலும் அது நன்றாக ஓடும். குறைந்த ஆட்களால் கையாளவும் முடியும். குறுக்குக் கட்டைகளில் சதுரப் பாய்களைத் தொங்கவிடும் கப்பல்கள் பின்காற்றில் சிறப்பாக ஓடுபவை. பார்ப்பதற்கு அவற்றின் கம்பீரம் தனி என்றாலும், இத்தீவுகளுக்கிடையிலான காற்றுக்கு ஸ்கூனரே பொருத்தம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளை எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுங்கள். கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது, எத்தனை பயணிகளுக்குச் சான்றிதழ் பெற்றது என்பது முதல் கேள்வி. பன்னாட்டுப் பயணத்தில் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல், கடல் பாதுகாப்பு விதிகளின்படி பயணிகள் கப்பலாகக் கருதப்பட்டுக் கடுமையான தேவைகளுக்கு உட்படுகிறது. அடுத்து, ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் பாய் விரித்து ஓடுகிறது என்று கேளுங்கள். பாய்மரக் கப்பல் என்று பெயர் பெற்றவற்றுள் சில, நேரத்தைக் காப்பதற்காகப் பெரும்பாலும் எஞ்சினிலேயே ஓடுகின்றன. நேர்மையான நிறுவனம் இக்கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும். தனியாக வருபவரை வேறொருவருடன் ஒரே அறையில் தங்க வைப்பார்களா, கழிவறை தனியா பொதுவா, கடல் பூங்காக் கட்டணமும் மதுபானமும் விலையில் அடங்குமா, பயணம் ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பவையும் கேட்கப்பட வேண்டியவை. அறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், கப்பலின் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில் உள்ளதைக் கேளுங்கள்; ஆட்டம் அங்குதான் மிகக் குறைவு. அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, அருகிலுள்ள அறைகள் அலையில் மிகுதியாக எழுந்து விழும்.

ஒரு வாரம் கடலில் தங்க முடியுமா என்று ஐயம் உள்ளவர்கள் முதலில் ஒரு நாள் பயணத்தில் தங்களைச் சோதித்துப் பார்க்கலாம். பெக்வேயிலேயே கட்டப்பட்டு 1969இல் கடலில் இறக்கப்பட்ட ஃப்ரெண்ட்ஷிப் ரோஸ் என்னும் ஸ்கூனர், பல ஆண்டுகள் அத்தீவுக்கும் செயின்ட் வின்சென்ட்டுக்கும் இடையே ஆட்களையும் தபாலையும் சுமந்து, பின்னர் பயணிகளை நாள் பயணமாக அழைத்துச் செல்லும் கப்பலாக மாறியது. தீவு மக்கள் தம் கையால் கட்டிய கப்பலில் முதல் அனுபவத்தைப் பெறுவதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பருவமும் திசையும்

கிரெனடீன்ஸ் தீவுகள் ஏறத்தாழ 12 முதல் 13 பாகை வட அகலாங்கில் உள்ளன. சென்னையும் புதுச்சேரியும் அதே அகலாங்கில்தான் இருக்கின்றன. வெயிலும் இரவு வானமும் நமக்குப் பழக்கமானவையே. காற்றுதான் வேறு. ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வியாபாரக் காற்று ஓயாமல் வீசுகிறது. அதன் வழக்கமான வேகம் 15 முதல் 20 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 முதல் 37 கிலோமீட்டர். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் அது இன்னும் வலுத்து வீசும். தீவுவாசிகள் அதைக் கிறிஸ்துமஸ் காற்று என்கிறார்கள். அனுபவமுள்ளவர்களுக்கு அது கொண்டாட்டம், புதியவர்களுக்குக் கடினம். முதல் பயணத்துக்கு பிப்ரவரி நடுப்பகுதி முதல் மே மாதம் வரையுள்ள காலத்தையே நான் பரிந்துரைப்பேன்: மழை குறைவு, காற்று சீர்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் விலை குறைவாக இருக்கும் என்பதால் பலருக்கு ஆசை எழும். கிரெனடா சூறாவளிப் பாதைக்குத் தெற்கே ஒதுங்கி இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையும் அந்த ஆசைக்குத் துணை நிற்கும். 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி கிரெனடாவைச் சிதைத்தது; 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி, ஐந்து வகைகளுள் நான்காம் வகை வலுவுடன், கேரியக்கூவைத் தாக்கி, யூனியன் தீவின் பெரும்பாலான கூரைகளைப் பெயர்த்தது. கடலில் இருக்கும் கப்பலின் நிலை இன்னும் கொடியது. 1998 அக்டோபரில், ஃபான்டோம் என்னும் நான்கு பாய்மர ஸ்கூனர், தன் பயணிகளை பெலீஸில் பத்திரமாக இறக்கிவிட்டு மிட்ச் சூறாவளியிலிருந்து விலகிச் செல்ல முயன்றபோது, சூறாவளி எதிர்பாராத திசையில் திரும்பியதால், கப்பலில் இருந்த 31 மாலுமிகளுடன் ஹோண்டுராஸ் அருகே மூழ்கியது. பயணிகளைக் கரையில் இறக்கிவிட்டாலும், ஆபத்தை மாலுமிகள் சுமக்கிறார்கள் என்பதை மலிவு விலைக்குப் பதிவு செய்யும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திசையும் முக்கியம். தீவு வரிசை கிரெனடாவிலிருந்து வடக்கே சற்றுக் கிழக்காகச் சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிப் போகும் கப்பல் காற்றை முன்பக்கவாட்டில் எதிர்கொண்டு, சாய்ந்து, அலைகளைக் குத்திக்கொண்டு ஓடும். தெற்கு நோக்கி வரும்போது காற்று பக்கவாட்டிலிருந்தும் சற்றுப் பின்னிருந்தும் தள்ளுவதால் பயணம் மென்மையாகவும் விரைவாகவும் அமையும். ஆகவே செயின்ட் வின்சென்ட்டிலோ செயின்ட் லூசியாவிலோ ஏறி, கிரெனடாவில் இறங்கும் ஒருவழிப் பயணம் கிடைத்தால், விமானச் செலவு சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். கிரெனடாவிலேயே தொடங்கி அங்கேயே முடியும் பயணம் என்றால், முதல் இரண்டு நாட்கள் கடினமாகவும் பின்பாதி எளிதாகவும் இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

கடவுச்சீட்டு, விமானம், காப்பீடு

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் செயின்ட் வின்சென்ட், கிரெனடா ஆகிய நாடுகளுக்குச் சுற்றுலாவாக முன்விசா இன்றிச் செல்லலாம். எனினும் விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்குமுன் அந்தந்த நாட்டின் அறிவிப்பைச் சரிபாருங்கள். சிக்கல் வழியில்தான் வரும். அமெரிக்க விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் அந்நாட்டு விசா வேண்டும். லண்டன் வழியும் டொராண்டோ வழியும் தத்தம் விதிகளைக் கொண்டவை. உங்கள் கப்பல் மார்ட்டினிக் அல்லது குவாடலூப்பைத் தொடுமானால், அவை பிரான்சுக்கு உரியவையாயினும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான வழக்கமான ஷெங்கன் விசா அங்குச் செல்லாது என்பதை அறிந்திருங்கள். டிரினிடாட் வழியாகத் திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குறித்த இந்திய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக விமானத்தில் வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்பீடு கட்டாயம். சிறு தீவுகளில் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டுமே இருக்கும்.

கப்பல் புறப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்னரேனும் அங்கு சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த தீவுக்குத் துரத்திச் செல்வது எளிதன்று.

பையில் வைக்க வேண்டியவை

சக்கரப் பெட்டியைக் கொண்டு வராதீர்கள். கப்பலில் அதை வைக்க இடமில்லை; மடித்து வைக்கக்கூடிய துணிப் பையே உகந்தது. உடைகள் மிகக் குறைவாகப் போதும்: நீண்ட கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டைகள், நீச்சலுடை, மழைக்கும் இரவுக் காற்றுக்குமான மெல்லிய மேல்சட்டை, தாடையில் கட்டும் கயிறுள்ள தொப்பி. குளிர்ந்த காற்று வெயிலின் சூட்டை உணரவிடாது என்பதால், நமது தோலும் இரண்டே நாட்களில் கன்றிவிடும். பவளத்துக்குத் தீங்கு செய்யாத வெயில் களிம்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலணி பல கப்பல்களில் ஏறும் இடத்திலேயே ஒரு கூடைக்குள் போய்விடும். கரையில் இறங்கும்போது நனைந்தாலும் கெடாத செருப்பு ஒன்று போதும். தலையில் அணியும் சிறு விளக்கு, நீர் புகாத பை, தண்ணீர்க் குப்பி, நீருக்கடியில் பார்ப்பதற்கு உங்கள் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்நார்க்கல் கண்ணாடி ஆகியவை பயன்படும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இராணுவச் சீருடை போன்ற புள்ளி வண்ணத் துணிகளைப் பொதுமக்கள் அணிவது செயின்ட் வின்சென்ட், கிரெனடா, செயின்ட் லூசியா, பார்படோஸ் ஆகிய நாடுகளில் சட்டப்படி தடை. குழந்தையின் தொப்பிக்கும் இது பொருந்தும்.

ஏறியதும் செய்ய வேண்டியவை

கடவுச்சீட்டைக் கேப்டனிடம் ஒப்படைப்பீர்கள். செயின்ட் வின்சென்ட்டும் கிரெனடாவும் வெவ்வேறு நாடுகள் என்பதால், யூனியன் தீவிலிருந்து கண்ணுக்கெட்டும் கேரியக்கூவுக்குச் செல்வதற்கும் ஒரு நாட்டின் வெளியேறும் முத்திரையும் மற்றொரு நாட்டின் நுழைவு முத்திரையும் தேவை. அனைவருக்குமாக அந்த வேலையைக் கேப்டன் முடித்துவருவார். அவர் திரும்பி வரும்வரை கரையில் இறங்கக் கூடாது.

பிறகு பாதுகாப்பு விளக்கம் நடக்கும். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், அதை ஒருமுறை அணிந்து பட்டையைச் சரிசெய்து பாருங்கள். யாரேனும் கடலில் விழுந்தால் முதலில் பார்த்தவர் உரக்கக் கூவ வேண்டும். விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அலைகளுக்கிடையே ஒரு தலை மறைய ஒரு நொடி போதும். ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு என்பது மாலுமிகளின் பழைய விதி. நடக்கும்போதெல்லாம் ஏதேனும் ஒன்றைப் பிடித்திருங்கள் என்பதே அதன் பொருள்.

நன்னீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, பின் அலசுவதே கப்பல் குளியல். கழிவறைக் குழாய் மிகக் குறுகியது; அதில் காகிதத்தைக் கூடப் போடக் கூடாது என்று பல கப்பல்களில் விதி உண்டு. அதை மீறினால் அடைப்பை எடுக்கும் வேலை ஒரு மாலுமியின் தலையில் விழும்.

கடல் மயக்கம்

தீவுகளின் மேற்குக் கரை காற்று மறைவானது. அங்குக் கடல் ஏரி போலக் கிடக்கும். ஒரு தீவின் முனையைக் கடந்து அடுத்த தீவுக்கான கால்வாயில் நுழைந்ததும் அட்லாண்டிக்கின் பேரலை தடையின்றி வந்து மோதும். செயின்ட் வின்சென்ட்டுக்கும் பெக்வேக்கும் இடைப்பட்ட கால்வாயும், கிரெனடாவின் வடமுனைக்கும் கேரியக்கூவுக்கும் இடைப்பட்ட கடலும் இதற்குப் பெயர் பெற்றவை. எனவே மாத்திரையை மயக்கம் வந்த பின் விழுங்கிப் பயனில்லை. புறப்படுவதற்கு முன்தினம் இரவே தொடங்க வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் அவோமின், ஸ்டூஜெரான் போன்றவற்றுள் உங்களுக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டு, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் கப்பலில் அறைக்குள் சென்று படுக்காதீர்கள், கைப்பேசியைப் படிக்காதீர்கள். மேல்தளத்தின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. பிஸ்கட்டும் இஞ்சியும் உதவும். சுக்கானைப் பிடிக்க அனுமதி கேளுங்கள்: கப்பலைச் செலுத்துபவருக்கு மயக்கம் வருவது அரிது. வாந்தி வந்தால் காற்று போகும் பக்கம் சென்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ளவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளின் முடிவில் உடல் பழகிவிடுகிறது.

பாய் விரித்தல்

இப்பயணத்தின் உயிர் இதுவே. காலையில் நங்கூரம் ஏறியதும், பாயேற்றும் கயிற்றைப் பிடிக்க விருப்பமுள்ளவர்களை மாலுமிகள் அழைப்பார்கள். ஏழெட்டுப் பேர் ஒரே தாளத்தில் இழுக்க, கனத்த பாய் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறி, காற்றை உள்வாங்கிப் புடைத்து, எஞ்சின் அணைக்கப்படும் கணத்தில் கப்பல் தானாக நகரத் தொடங்குவதை நீங்கள் கால் பாதத்தில் உணர்வீர்கள். தவறாமல் பங்கேற்க வேண்டுமென்று வற்புறுத்துகிறேன். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் காலை வைக்காதீர்கள். கயிறு வழுக்கினால் இறுக்கிப் பிடித்து உள்ளங்கையைத் தீய்த்துக்கொள்ளாமல், குரல் கொடுத்து விட்டுவிடுங்கள். பாயின் அடியில் கிடைமட்டமாக நீளும் கட்டை திசை மாறும்போது தளத்தின் குறுக்கே வேகமாக வீசி வரும். கேப்டன் எச்சரிக்கும்போது தலையைத் தாழ்த்துங்கள். பாய்மரத்தில் ஏற ஆசையிருந்தால், பாதுகாப்புக் கச்சையுடனும் அனுமதியுடனும் மட்டுமே ஏறலாம்.

கிரெனடாவுக்கு வடக்கே கப்பல் நேர்வழியை விட்டு வளைந்து செல்வதைக் காண்பீர்கள். அங்குக் கடலடியில் கிக்-எம்-ஜென்னி என்னும் எரிமலை உள்ளது. 1939இல் வெடித்தபோதுதான் அது உலகுக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் கப்பல்கள் செல்லக் கூடாது. எரிமலையின் சீற்றம் கூடினால் விலக்கு எல்லை 5 கிலோமீட்டராகும்.

கரையில்

பெரும்பாலான தீவுகளில் துறைமுக மேடை இருக்காது. டிங்கி என்னும் சிறு படகில் சென்று, முழங்கால் அளவு நீரில் இறங்கி நடக்க வேண்டும். படகில் ஏறும்போது கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல், மாலுமியின் மணிக்கட்டைப் பற்றி, படகின் நடுவில் காலை வையுங்கள்.

கடற்கரைகளில் மான்சினீல் என்னும் மரத்தை அடையாளம் காட்டச் சொல்லுங்கள். சிறு பச்சை ஆப்பிளைப் போன்ற அதன் பழம் கொடிய நஞ்சு. மரத்திலிருந்து வடியும் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழை வந்தால் அதன் கீழ் ஒதுங்கவே கூடாது, ஏனெனில் இலையிலிருந்து சொட்டும் நீரும் சுடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். எல்லா இடத்திலும் அது இருக்குமென்று நம்பாதீர்கள்.

டொபேகோ கீஸ் என்பது ஆளில்லாத ஐந்து திட்டுகளையும், அவற்றைக் கிழக்கில் காக்கும் குதிரைலாட வடிவப் பவளப் பாறையையும் கொண்ட கடல் பூங்கா. பாரடால் என்னும் திட்டின் முன் பச்சை ஆமைகள் கடற்புல் மேய்வதைக் காணலாம். ஆமையைத் துரத்தவோ தொடவோ வேண்டாம். மிதந்தபடி அசையாமல் இருந்தால் அதுவே அருகில் வரும். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. ஊர்களுக்குள் செல்லும்போது நீச்சலுடையின் மேல் சட்டை அணியுங்கள். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிய பின்னரே விலை கேட்பது இங்குள்ள மரியாதை. செலவுக்குக் கிழக்குக் கரீபியன் டாலர் வேண்டும். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு 1976 முதல் மாறாமல் இருக்கிறது. கேரியக்கூவின் விண்ட்வர்ட் கிராமத்தில் கடற்கரையிலேயே மரக்கப்பல் கட்டும் தச்சர்களைச் சந்திக்க ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். பெரிலுக்குப் பின் மீண்டு வரும் தீவுகளில், கப்பலில் உண்பதைவிடக் கரையிலுள்ள ஒரு குடும்பக் கடையில் உண்பது நேரடியாக அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.

உணவைப் பொறுத்தவரை, சைவர்கள் பதிவு செய்யும்போதே எழுதித் தெரிவிக்க வேண்டும். சேம்பு இலையில் செய்யும் கலாலூ சூப், சீமைப்பலா, துவரை, வாழைக்காய் என நமக்குப் பழக்கமானவை ஏராளம். ஆனால் கலாலூவில் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ சேர்வது வழக்கம், தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துச் சமைக்கும் கிரெனடாவின் ஆயில் டவுனிலும் அவ்வாறே. கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி எல்லாத் தீவிலும் கிடைக்கும். ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் சுவடு அது; செயின்ட் வின்சென்ட்டுக்கு அவர்களுள் முதல் குழுவினர் 1861 ஜூன் 1 அன்று டிராவன்கோர் என்னும் கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கினார்கள்.

இறங்கும் நாள்

கடைசி இரவிலேயே கணக்கை முடித்துவிடுங்கள். மாலுமிகளுக்கான அன்பளிப்பு பொதுவாக ஓர் உறையில் வைத்துக் கேப்டனிடம் கொடுக்கப்பட்டு, சமையற்காரர் உட்பட அனைவருக்கும் பங்கிடப்படும். எவ்வளவு என்பதற்கு நிறுவனம் ஒரு வழிகாட்டுத் தொகை சொல்லும். கடவுச்சீட்டைத் திரும்பப் பெற்றதும், நுழைவு முத்திரை பதிந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அது இல்லையெனில் விமான நிலையத்தில் சிக்கல் வரும். கடைசிக் கால்வாயில் காற்று வலுத்தால் கப்பல் அரை நாள் பிந்தக்கூடும் என்பதால், திரும்பும் விமானத்தை இறங்கும் நாளுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு கரைப் படுக்கையிலும் தரை ஆடுவது போலத் தோன்றும். ஓரிரு நாட்களில் அது தானே அடங்கிவிடும், மருந்து தேவையில்லை.